மீன்தொட்டிக்கு ஏற்ற செடி எது? – வாசகர் கேள்வி பதில்

வீட்டு மீன்தொட்டிகளில் உயிருள்ள செடிகளை வளர்ப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருள் பற்றி வந்தவற்றை ஒரு கேள்வியாக இணைத்திருக்கிறோம். எல்லாமே நன்னீர்த் தொட்டிகள் பற்றியவை.

கேள்வி: புதிதாக ஓர் இரண்டடித் தொட்டி வாங்கியிருக்கிறோம். கப்பி, நியான் டெட்ரா போன்ற சிறு மீன்களை விடப்போகிறோம். தொட்டியோடு வந்த எல்.இ.டி. விளக்கும் ஒரு வடிகட்டியும் மட்டுமே இருக்கின்றன. பிளாஸ்டிக் செடிகளை வைக்க மனம் வரவில்லை. என்னென்ன செடிகளை வாங்கலாம்?

பதில்: செடியின் அழகைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன்னால், உங்கள் தொட்டியால் அதற்கு என்ன கொடுக்க முடியும் என்று பாருங்கள். ஒளி எவ்வளவு கிடைக்கிறது, அடியில் பரப்பியிருப்பது சத்துள்ள மண்ணா வெறும் கூழாங்கல்லா, நீர் கடினநீரா மென்னீரா, மீன்கள் இலையைக் கடிப்பவையா என்ற நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்துவிட்டால், கடையில் உள்ள செடிகளில் பெரும்பாலானவை தாமாகவே விலகிவிடும். நீங்கள் சொல்லும் தொட்டியில் ஒளி குறைவு, செடிகளுக்குக் கரியமில வாயு செலுத்தும் கருவி இல்லை, மீன்களோ சாதுவானவை. இந்த நிலைக்குப் பொருந்தும் செடிகள் நிறையவே இருக்கின்றன.

முதலில் நான் சொல்வது அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் என்ற இரண்டையும். அனுபியாஸ் ஆப்பிரிக்காவின் காட்டு ஓடைக் கரைகளில் மர நிழலில் வளர்வது. ஜாவா ஃபெர்ன் தென்கிழக்கு ஆசியாவின் ஓடைப் பாறைகளைப் பற்றி வளர்வது. இரண்டுக்கும் மங்கலான ஒளியே போதும். இவற்றை மண்ணில் நடக் கூடாது என்பதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். இலைகளும் வேர்களும் புறப்படுகிற, படுத்தவாறு வளரும் தடித்த தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அது அழுகிச் செடியே போய்விடும். ஒரு கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிட்டால், சில வாரங்களில் வேர்கள் தாமே பற்றிக்கொள்ளும். ஜாவா மாஸையும் இப்படியே கட்டலாம். கப்பிக் குஞ்சுகள் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அடுத்து, வேரூன்றி வளர்பவை. தொட்டியின் நடுப்பகுதிக்கு கிரிப்டோகோரைன் இனங்கள் பொருத்தமானவை. அவற்றில் மிகுதியாக விற்கப்படும் வென்ட்டி என்பது இலங்கையைத் தாயகமாகக் கொண்டது. பின்புறத்திற்கு நாடாப் போன்ற நீண்ட இலைகளுடைய வாலிஸ்னேரியா நன்றாக இருக்கும். ஓடுதண்டு விட்டுத் தானே பரவும். இவை வேர் வழியாகவே சத்தை அதிகம் எடுப்பவை என்பதால், அடியில் இருப்பது வெறும் கூழாங்கல்லானால் வேரருகில் உர வில்லைகளைப் புதைத்துவைக்க வேண்டும். கூழாங்கல் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் உயரத்திற்காவது இருக்கட்டும்.

இனி, புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு பகுதிக்கு வருகிறேன். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை. புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும், மீன்களுக்கே நஞ்சான அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்குப் பல வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் சத்தையும் ஒளியையும் யார் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே கேள்வி. செடி எடுக்காவிட்டால் பாசி எடுக்கும். ஆகவே வேகமாக வளரும் செடிகளை முதல் நாளே தாராளமாக வையுங்கள். ஹார்ன்வொர்ட், வாட்டர் ஸ்பிரைட், ஹைக்ரோஃபிலா ஆகிய மூன்றும் இதற்கு ஏற்றவை. ஹார்ன்வொர்ட்டுக்கு வேரே கிடையாது, மிதக்கவிட்டாலே வளரும். நீர்ச்செடிகள் பலவும் நைட்ரேட்டைவிட, அம்மோனியா நீரில் எடுக்கும் வடிவமான அம்மோனியத்தையே விரும்பி எடுப்பவை என்பதால் மீன்களுக்கும் இது பாதுகாப்பு. ஆனாலும் முதல் வாரங்களில் மீன்களைச் சிறிது சிறிதாகவே விடுங்கள். தொட்டி நிலைபெற்ற பிறகு, வேண்டுமானால், இந்த வேகச் செடிகளைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு மூலையில் இரண்டு செடி, நடுவில் ஒன்று என்று தொடங்கி, மீதியைப் பிறகு வாங்கலாம் என்று எண்ணுவதுதான் புதுத் தொட்டிகளில் பாசி படர்வதற்குப் பெரும் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

விளக்கை முதல் மாதம் நாளுக்கு ஆறு மணி நேரமும், பிறகு எட்டு மணி நேரம் வரையிலும் எரியவிடுங்கள். அதற்கு ஒரு டைமர் வாங்கிவிடுங்கள். செடி வளர்ப்பில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தருவது அதுதான். சன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைக்க வேண்டாம்.

கேள்வி: வாங்கும்போது செழிப்பாக இருந்த அமேசான் ஸ்வார்டு செடியின் இலைகள் இரண்டே வாரத்தில் கண்ணாடி போல் ஆகிக் கரைந்துவிட்டன. கிரிப்டோகோரைனும் அப்படியே ஆயிற்று. நோயுள்ள செடிகளைக் கொடுத்துவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் நோயாக இருக்காது. தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மீன்தொட்டிக்கென்று விற்கப்படும் செடிகளில் மிகப் பல, பண்ணைகளில் நீருக்கு மேலே, ஈரப்பதம் மிகுந்த காற்றில் வளர்க்கப்படுபவை. அவை இயற்கையில் வெள்ளம் வரும்போது மூழ்கியும் வற்றும்போது வெளியே தலைகாட்டியும் வாழ்பவை. காற்றில் வளரும்போது இலை தடிப்பாகவும், நீர் ஆவியாகாமல் காக்கும் மெழுகுப் பூச்சுடனும், இலைத்துளைகளுடனும் அமைகிறது. நீரில் மூழ்கியதும் அந்த இலையால் அங்கே கரைந்துள்ள வாயுவைப் போதிய அளவு எடுக்க முடிவதில்லை. எனவே செடி பழைய இலைகளைக் கைவிட்டு, அவற்றிலிருந்த சத்தை எடுத்துக்கொண்டு, மெல்லிய புது இலைகளை உண்டாக்குகிறது. நீங்கள் பார்த்தது இந்த மாற்றத்தைத்தான்.

கிரிப்டோகோரைன் விஷயம் இன்னும் சற்றுக் கூடுதலானது. நீருக்குள்ளேயே வளர்ந்த கிரிப்டோகோரைன்கூட, இடம் மாற்றினாலோ நீரின் தன்மையோ ஒளியோ திடீரென்று மாறினாலோ இலைகளை ஒட்டுமொத்தமாக உதிர்த்துவிடும். வேர்ப்பகுதி கெட்டியாக இருந்தால் கவலை இல்லை. அழுகும் இலைகளை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு, வேரைத் தொடாமல் விட்டுவிடுங்கள். மூன்று நான்கு வாரங்களில் புதுத் தளிர் தெரியும். தளிர் வரவில்லையே என்று பிடுங்கிப் பார்த்து மறுபடி நடுவது, செடியை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வைப்பதாகும்.

வாங்கும்போதே இதைக் கவனிக்கலாம். இந்தச் செடி நீருக்குள் வளர்ந்ததா, வெளியே வளர்ந்ததா என்று கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். இலையின் அளவைவிட வேரையும் குருத்தையும் பாருங்கள்: வேர் வெளிறியும் உறுதியாகவும் இருக்க வேண்டும், குருத்து அமுங்கக் கூடாது. அனுபியாஸ் என்றால் அதன் தடித்த தண்டை இலேசாக அழுத்திப் பாருங்கள். கொழகொழப்பும் கெட்ட வாடையும் இருந்தால் வாங்காதீர்கள். நடும்போது செடியின் வேரைச் சுற்றியுள்ள பஞ்சையும் பிளாஸ்டிக் கூடையையும் நீக்கிவிட்டு, நீண்ட வேர்களைச் சற்றே நறுக்கி, வேர் மட்டும் மண்ணுக்குள்ளும் குருத்து வெளியேயும் இருக்குமாறு நட வேண்டும்.

கேள்வி: கரியமில வாயு சிலிண்டர் இல்லாமல் செடி வளர்க்கவே முடியாது என்று ஒருவர் சொல்கிறார். திரவ கார்பன் போதும் என்று மற்றொருவர் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டுமே முழு உண்மை இல்லை.

வாயுக்கள் நீரில் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. அதனால் மூழ்கிய செடிகளுக்குக் கரியமில வாயு எப்போதும் தட்டுப்பாடுதான். கொடுத்தால் எல்லாச் செடியும் வேகமாக வளரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டாயம் தேவைப்படுவது, சிவப்பு நிறம் தெறிக்கும் ரோட்டலா வகைகள், தரையில் கம்பளமாகப் படரும் சிற்றிலைச் செடிகள் போன்றவற்றிற்கே. முந்தைய பதில்களில் சொன்ன செடிகளுக்கு அது இல்லாமலே முடியும். இன்னொன்றும் உண்டு: வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட் போன்றவை நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்தும் கார்பனை எடுக்க வல்லவை. கடினநீரில் பைகார்பனேட் மிகுதியாகவே இருக்கும். ஆகவே உங்கள் வீட்டு நீர் கடினநீர் என்றால் அதை ஒரு குறையாக எண்ணாமல், அதற்குப் பொருந்தும் செடியைத் தேர்ந்தெடுங்கள்.

ஒளியும் கரியமில வாயுவும் சத்தும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்க வேண்டும். வாயு தராமல் விளக்கை மட்டும் கூட்டுகிறவர்கள் பாசியை வளர்க்கிறார்கள். விலை உயர்ந்த விளக்கு வாங்கிய பிறகுதான் தொட்டி கெட்டது என்று எழுதும் வாசகர்கள் பலருக்கும் இதுவே விடை.

சிலிண்டர் வைப்பதானால் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை என்பது வழக்கமான இலக்கு. அதற்கு மேல் போனால் மீன்கள் மூச்சுக்குத் திணறி நீர்மட்டத்திற்கு வரும், கவனிக்காவிட்டால் இறந்துவிடும். விளக்கு எரியத் தொடங்குவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு திறந்து, விளக்கோடு நிறுத்திவிட வேண்டும். நிறம் மாறிக் காட்டும் சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்றைத் தொட்டிக்குள் பொருத்துங்கள்: நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் போதும், மஞ்சள் என்றால் ஆபத்து.

திரவ கார்பன் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை குளுட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளையோ அதன் திரிபையோ கொண்டவை. மருத்துவக் கருவிகளிலுள்ள கிருமிகளைக் கொல்லவும் இதே பொருள் பயன்படுகிறது. பாசியை அது அடக்கும் என்பது உண்மை. சிலிண்டருக்கு மாற்றாக அது ஆகாது. வாலிஸ்னேரியாவும் மாஸ் வகைகளும் அதைத் தாங்குவதில்லை. கைக்கும் கண்ணுக்கும் படாமல் கையாள வேண்டிய ஒரு பொருளை, தேவையே இல்லாத செடிகளுக்காக வாங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை.

கேள்வி: இரவில் செடிகள் பிராணவாயுவை உறிஞ்சி மீன்களைக் கொன்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: செடிகள் இருளில் சுவாசிக்க மட்டுமே செய்கின்றன என்பது உண்மை. நீரில் மூழ்கிய பசும் இலைகள் வெயிலில் மட்டுமே வாயுக் குமிழ்களை விடுகின்றன, இருளில் விடுவதில்லை என்பதை 1779இல் ஜான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் ஆராய்ந்து வெளியிட்டார். ஆனால் செடிகள் இரவில் எடுக்கும் பிராணவாயு, அவை பகலில் கொடுத்ததைவிடக் குறைவு. அளவோடு மீன்கள் இருக்கும் தொட்டியில், வடிகட்டி நீர்மட்டத்தைச் சற்று அசைத்துக்கொண்டிருந்தால் போதும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதைக் கண்டால், மீன்களின் எண்ணிக்கையையும் அடியில் அழுகிக் கிடக்கும் இலைகளையும் முதலில் பாருங்கள். இரவில் மட்டும் காற்றுக்குமிழிக் கருவியை ஓடவிடலாம்.

அழுகும் இலைகளைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். 1850இல் இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், தங்கமீன்களையும் வாலிஸ்னேரியாவையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் நெடுநாள் வாழவைத்த ஆய்வை வேதியியல் கழகத்தின் முன் வைத்தார். செடியின் பழைய இலைகள் மட்கி நீர் கலங்கியபோது, அவற்றைத் தின்னும் நத்தைகளைச் சேர்த்த பிறகே அவருடைய தொட்டி தெளிந்தது. நத்தைகள் இல்லாத வீட்டில் அந்த வேலையை நம் கைதான் செய்ய வேண்டும்.

கேள்வி: தங்கமீன் தொட்டியில் எந்தச் செடியும் ஒரு வாரத்தைத் தாண்டுவதில்லை. என்ன செய்வது?

பதில்: தங்கமீனுக்குச் செடி உணவு, அதன் இயல்பை மாற்ற முடியாது. மென்மையான இலையுடைய எதையும் மறந்துவிடுங்கள். அனுபியாஸின் இலை தோல் போலத் தடித்தது, ஜாவா ஃபெர்னை மீன்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. இரண்டையும் கனமான கல்லில் கட்டிவைத்தால், மீன் மண்ணைக் கிளறினாலும் அவை பெயராது. வாலிஸ்னேரியாவை ஒரு சிறு சாடியில் நட்டு, மீன்கள் இல்லாத வேறொரு தொட்டியில் வைத்து வேர் நன்றாகப் பிடித்த பிறகு, சாடியோடு சேர்த்து மாற்றினால் சில வீடுகளில் நிற்கிறது. டக்வீட், ஹார்ன்வொர்ட் ஆகியவற்றைத் தின்பதற்கென்றே போட்டுவிடுவதும் நல்லது. மீனுக்கும் அது ஆரோக்கியம்.

கேள்வி: சிறு மூங்கில் போன்ற ஒரு செடியையும், வெள்ளை வரியோடிய புல் போன்ற ஒன்றையும் தொட்டிக்கு வாங்கினேன். மெல்ல மெல்ல மஞ்சளாகின்றன.

பதில்: அந்த மூங்கில் உண்மையில் மூங்கிலே அல்ல, டிரசீனா என்ற நிலத்துச் செடி. வரியோடிய புல்லும் பெரும்பாலும் மாண்டோ புல் போன்ற தோட்டச் செடியாகவே இருக்கும். முழுவதும் மூழ்கினால் இவை சில மாதங்கள் பச்சையாக நின்று, பிறகு அழுகி நீரைக் கெடுக்கும். டிஃபன்பாக்கியா, சிங்கோனியம் ஆகியவற்றையும் இப்படியே விற்கிறார்கள். தண்டு விறைப்பாக நிமிர்ந்து, இலை நீரிலிருந்து எடுத்த பின்னும் துவளாமல் நின்றால் ஐயப்படுங்கள். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாங்காதீர்கள். உங்களிடம் உள்ள மூங்கிலை வீணாக்க வேண்டாம். வேர் நீரிலும் இலைகள் வெளியேயும் இருக்குமாறு தொட்டியின் விளிம்பில் பொருத்தினால் அது நன்றாக வாழ்ந்து, நீரிலுள்ள நைட்ரேட்டையும் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: செடிகளோடு நத்தைகளும் வந்துவிட்டன. சிவப்பு இறால்கள் வளர்க்கிறேன். புதுச் செடிகளை வைத்த மறுநாளே பல இறால்கள் இறந்தன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நத்தைக்கும் இறாலின் சாவுக்கும் தொடர்பு இல்லை. செடியில் ஒட்டியிருந்த பூச்சிமருந்தே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பண்ணைகளில் தெளிக்கப்படும் மருந்து மீனைப் பாதிக்காத அளவிலும் இறாலைக் கொன்றுவிடும். இறால் வளர்ப்பவர்கள் புதுச் செடியை ஒரு வாளி நீரில் ஓரிரு வாரங்கள் வெளிச்சத்தில் வைத்து, நாள்தோறும் நீரை மாற்றிய பின்னரே தொட்டியில் சேர்க்க வேண்டும். நத்தை முட்டைகளின் கூழ் போன்ற படலத்தையும் அப்போதே இலையடியில் பார்த்துச் சுரண்டிவிடலாம். ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் வளர்த்து மூடிய குப்பியில் விற்கப்படும் செடிகளில் நத்தையோ பாசியோ மருந்தோ இருக்காது. அவற்றின் வேரைச் சுற்றியுள்ள கூழைக் கழுவிவிட்டு நடலாம். நத்தையை ஒழிக்கிறேன் என்று செப்பு கலந்த மருந்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்; இறால்களும் மிஞ்சாது. சிறு நத்தைகள் பெரும்பாலும் பாசியையும் அழுகிய இலையையுமே தின்பவை. அவை அளவுமீறிப் பெருகினால், நீங்கள் போடும் உணவு மிகுதி என்று கொள்ளுங்கள்.

கேள்வி: இலைகளில் ஓட்டை விழுகிறது, சில இலைகள் மஞ்சளாகின்றன. எந்த உரம் போட வேண்டும்?

பதில்: எந்த இலை என்பதை முதலில் பாருங்கள். நைட்ரஜன், பொட்டாசியம் போன்றவற்றைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்பும். ஆகவே அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுவதும் மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு, அவற்றில் ஊசி குத்தியது போன்ற துளைகள் விழுந்து விரிந்தால் பொட்டாசியம் குறைவு என்று ஊகிக்கலாம். இரும்பை அப்படி இடம் மாற்ற முடியாது. எனவே நுனித் தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புக் குறைவு. எல்லாச் சத்தும் கலந்த நீர்ச்செடி உரத்தைப் புட்டியில் குறித்த அளவில் பாதியாகத் தொடங்கி, புது இலைகளைப் பார்த்துக் கூட்டுங்கள். கெட்ட பழைய இலை திரும்பப் பச்சையாகாது. ஜாவா ஃபெர்னின் இலையடியில் வரிசையாகத் தெரியும் கரும்புள்ளிகள் குறைபாடல்ல, இனப்பெருக்க வித்துகள்.

கேள்வி: வாலிஸ்னேரியாவும் மிதக்கும் செடிகளும் தொட்டி கொள்ளாத அளவுக்குப் பெருகிவிட்டன. அருகிலுள்ள குளத்தில் விடலாமா?

பதில்: கூடாது. ஒரு சிறு துண்டைக்கூட விடாதீர்கள். ஹைட்ரில்லா 1950களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மீன்தொட்டிச் செடியாகவே போய்ச் சேர்ந்தது; அங்கிருந்து ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் பரவி, இன்றுவரை பெரும் பொருட்செலவில் அகற்றப்பட்டு வருகிறது. ஒடிந்த துண்டிலிருந்தும் அது முளைக்கும், சேற்றிலுள்ள அதன் சிறு கிழங்குகளோ ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெங்காயத் தாமரை, சல்வீனியா, கபோம்பா ஆகியவையும் இப்படி நீர்நிலைகளை மூடியவையே. வெங்காயத் தாமரையையும் கபோம்பாவையும் விற்கவும் வளர்க்கவும் 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. வாங்குவதற்கு முன்பே உங்கள் நாட்டில் எவை தடை செய்யப்பட்டவை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மிகுந்த செடியைத் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குக் கொடுங்கள். மீதியை வெயிலில் பரப்பி, கையில் நொறுங்கும் அளவுக்கு உலர்த்தியபின் எரு குழியில் போடுங்கள். தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய நீரைத் தோட்டத்து மண்ணில் ஊற்றுங்கள். செடித்துண்டும் நத்தை முட்டையும் அதில் இருக்கக்கூடும் என்பதால் மழைநீர் வடிகாலில் ஊற்ற வேண்டாம்.